சாமியான பெஞ்ச்மார்க்

தான் செய்த தப்பை இன்னொருவர் கண்டுபிடித்துச் சொன்னால் முகம் மலர்கிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன், ஒரே ஒருவரை. புனேயின் பாணேரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த எங்கள் சின்ன சர்வே கம்பெனியில் அவர் சீனியர் இன்ஜினியர். நான் கல்யாணமாகி கோயம்புத்தூரிலிருந்து வந்தவள். கணவர் காலையில் ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனி கேபில் ஏறிப் போனபிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ஊராட்சியோ மாநகராட்சியோ ரோடு போட நினைத்தால், முதலில் இடத்தை அளந்து, மேடு பள்ளம் கணக்கெடுத்து, வரைபடம் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். அவர் வெளியே போய் அளப்பார். நான் உள்ளே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வரைவேன்.

சேர்ந்த புதிதில் அவர் கொடுத்த அளவுகளை வரைந்தபோது ஓர் இடத்தில் ரோடு ஆளுயரப் பள்ளத்துக்குள் விழுந்து எழுந்தது. எண்ணை மாற்றி எழுதிவிட்டிருக்கிறார். சீனியரிடம் இதை எப்படிச் சொல்வது என்று டீ ஆறும்வரை தவித்தேன். பிறகு எழுந்து போனேன்.

"மேடம், இந்த எடத்த மட்டும் கொஞ்சம் பாருங்க. நாந்தான் தப்பாப் போட்டுட்டனோ என்னமோ..."

அவர் வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரையில் மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்தார். அடுத்த நொடி என் முதுகில் ஓர் அடி விழுந்தது.

"ஏட்டி! புடிச்சிட்டியே! என் தப்பைப் புடிச்சிட்டியே!"

கை தட்டினார். ஆபீஸ் முழுவதற்கும் இந்தியில் அறிவித்தார். மறுநாள் கேம்ப் ஏரியா பேக்கரி ஒன்றிலிருந்து மாவா கேக் வந்து என் மேசையில் உட்கார்ந்தது. அன்றிலிருந்து வெளியே அவர் எனக்கு அக்கா, முதலாளி இருக்கும்போது மட்டும் மேடம்.

அக்காவின் குடும்பம் தாத்தா காலத்திலேயே கன்டோன்மென்ட் பக்கம் வந்து தங்கிவிட்டது. சொந்த ஊரான பாளையங்கோட்டையை அவர் பார்த்ததெல்லாம் கல்யாண வீடுகளுக்குப் போனபோதுதான். ஆனால் பேச்சு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது, நடுநடுவே இந்தியும் மராட்டியும் புகுந்துகொள்ளும். தனியாகச் சொல்லித் தைத்த பெரிய பை வைத்த குர்தா, ஸ்போர்ட்ஸ் ஷூ, ஸ்கூட்டரின் பக்கவாட்டில் கயிறு போட்டுக் கட்டிய, அளவுக் கருவியை நிறுத்துகிற முக்காலி. குரல் நாலு வழிச் சாலைக்குத் தக்க குரல். சர்ச் பாடகர் குழுவில் அவரைக் கடைசி வரிசையில் சுவரோரமாகத்தான் நிறுத்துவார்களாம். "அப்பவும் கேக்குதாம்ட்டி" என்று அதையும் சந்தோஷமாகத்தான் சொன்னார்.

எங்கள் புது ஃப்ளாட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று, தண்ணீர்கூடக் குடிக்காமல், பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கூடத்தின் நடுவில் வைத்தார். அது கொஞ்சம் யோசித்துவிட்டு பால்கனிப் பக்கம் உருண்டது.

"நல்ல பில்டர். ஜன்னல் வழியாச் சாரல் அடிச்சா தண்ணி வெளிய போயிரும். ஒன் மாப்பிள்ளைட்ட சொல்லு, தைரியமா லோன் கட்டட்டும்."

அதன்பிறகு என் கணவர் ஒரு வாரம் எலுமிச்சம்பழமும் கையுமாக வீடு முழுக்க உருட்டிக்கொண்டிருந்தார். சமையலறையில் அது உள்பக்கம் உருள்வதைக் கண்டுபிடித்து நிம்மதியைத் தொலைத்தார்.

அக்காவோடு இருப்பது சுலபம் என்று சொல்ல மாட்டேன். தன் தப்புக்குக் கை தட்டுகிறவர் மற்றவர் தப்புக்கும் அதே சத்தத்தில் கை தட்டினார். எதிராளிக்கு அவமானமாக இருக்கும் என்பது அவருக்குத் தோன்றவே தோன்றாது. எனக்குத் தோன்றியது. ஒருமுறை கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். வெளியே வந்தால், கதவுக்கு எதிரே நின்றுகொண்டு, "அந்தக் கணக்க எப்படித் தப்பாப் போட்டன்னு சொல்லு, ரொம்ப சுவாரசியமா இருக்கு" என்கிறார். அப்படிப்பட்டவரிடம் எவ்வளவு நேரம் கோபமாக இருக்க முடியும்?

தொழிலில் அவர் ஒன்றை மட்டும் எப்போதும் சொல்லுவார். உயரம் தெரிந்த ஓர் இடத்தில் ஆரம்பித்து, இடம் இடமாக அளந்துகொண்டே போய், கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சரிபார்ப்பதுதான் எங்கள் முறை. ஆரம்பத்தில் இருந்த உயரமும் திரும்பி வந்த உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். நடைமுறையில் துளி வித்தியாசம் வரும், அதை மன்னித்துவிடுவார்கள். வித்தியாசமே இல்லாமல் வந்தால் மற்றவர்கள் மகிழ்வார்கள். அக்கா முகம் சுளிப்பார். "அச்சுப் பிசகாம வந்தா பயப்படணும்ட்டி. கொஞ்சம் ஒதைக்கணும். அப்பத்தான் அது நெசம்."

இவ்வளவு தெரிந்தவர்தான் அந்த ரோட்டில் மாட்டினார்.

பாணேரைத் தாண்டி, நகரத்தோடு புதிதாகச் சேர்ந்த ஒரு கிராமம். மேட்டில் பள்ளிக்கூடம். அங்கிருந்து இறங்கும் ஒரு தெரு, நடுவில் ஒரு திருப்பம், கீழே நாலா என்கிற ஓடை. திருப்பத்தில் சவிதா தாயியின் வீடு. ஐ.டி. பசங்களுக்கு டப்பா சாப்பாடு அனுப்புகிறவர். அடுப்பு, மாவு, மூட்டை எல்லாம் தெருவைப் பார்த்த முன்னறையில். போன மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் முழுவதும் திருப்பத்தில் நேராக அவர் வீட்டுக்குள் புகுந்து, சோளமும் கோதுமை மாவும் களியாகி, அடுப்பு மிதந்திருக்கிறது. பிழைப்பு நின்றுவிட்டது, அதைத் திரும்பத் தொடங்கவே படாத பாடு. முதல் நாள் அக்கா இடம் காட்ட என்னையும் கூட்டிக்கொண்டு அளக்கப் போனபோதே அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மராட்டியில் சொன்னார்:

"ரோடு போடுங்க, போடாமப் போங்க, எனக்கு ஒண்ணுமில்ல. தண்ணி மட்டும் என் வாசப்படி ஏறக் கூடாது. இன்னொரு தடவ எந்திரிக்க என்னால ஆகாது."

"ஏறாது தாயி. நான் சொல்லுதேன்ல்லா!" என்றார் அக்கா, பாதி மராட்டியில், பாதி பாளையங்கோட்டையில். தாயிக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையாட்டினார்.

தீபாவளிக்கு முன் பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பம் வரைக்கும் அளந்து முடித்தோம். திருப்பத்தில் ஓர் அத்திமரத்தடியில் பாதி புதைந்த உருண்டைக் கல் ஒன்று கிடந்தது. அசையாத கல். அடுத்த பாதியை அங்கிருந்து தொடங்கலாம் என்று அதன் தலையில் உளியால் பெஞ்ச்மார்க் என்கிற உயர அடையாளத்தைக் கொத்தி, உயரத்தைக் குறித்துக்கொண்டு, மேலே பெயின்ட் அடித்தார்கள். வழக்கமாக மஞ்சள்தான். அன்று டப்பாவில் மிச்சம் இருந்தது ஆரஞ்சு. மரத்தடியில், உருண்டைக் கல்லில், பளபளவென்று ஆரஞ்சு நிறம். மகாராஷ்டிராவில் ஒரு நாளாவது இருந்தவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊரில் செந்தூரம் பூசிய கல் சாமி.

நடுவில் ஏதோ அனுமதி வராமல் வேலை நின்றது. சங்கராந்தி கழித்து மறுபாதியை அளக்கப் போனோம். முதலாளி படம் எடுத்துவரச் சொல்லி என்னையும் அனுப்பியிருந்தார். அத்திமரத்தடியில் சிமென்ட் மேடை, வெள்ளை டைல்ஸ், அதன் நடுவில் எங்கள் கல். சாமந்தி மாலை, ஊதுபத்தி, எதிரே இரண்டு பாட்டிமார்.

அக்கா ஸ்கூட்டரை நிறுத்தவே மறந்து இறங்கினார். அது போய்ச் சுவரில் சாய்ந்தது.

"பாத்தியாட்டி! என் பெஞ்ச்மார்க்குக்கு மாலை போட்டிருக்காவ! இந்த இந்தியாவுல எந்த இன்ஜினியருக்காவது இந்த பாக்கியம் கெடச்சிருக்குமாட்டி!"

சங்கடம் எங்கள் உதவியாள் காளே காகாவுக்கு. அளவு எழுதிய நீளக் கட்டையை அந்தக் கல்லின் தலையில் நிறுத்திப் பிடிப்பது அவர் வேலை. "தேவன் தலையில கட்டைய வைக்க மாட்டேன், வேலைய விட்டு எடுத்தாலும் சரி" என்று கையைக் கட்டிக்கொண்டார். அக்கா உடனே ஷூவைக் கழற்றினார். பாட்டிமாரிடம் போய் அனுமதி கேட்டார். தேங்காய் வாங்கி காகாவை உடைக்கச் சொன்னார். கட்டையின் அடியைக் குடிதண்ணீரால் கழுவினார். காகா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கட்டையை நிறுத்த, அக்கா வெறுங்காலில் நின்று அளவு பார்த்தார். கல்லைச் சுற்றித்தான் மேடை கட்டியிருக்கிறார்கள் என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். உளி அடையாளம் அப்படியே இருந்ததே.

அந்தக் கல்லிலிருந்து புறப்பட்டு நாலா வரை போய், அதே கல்லுக்குத் திரும்பினோம். கணக்கு அச்சுப் பிசகாமல் வந்தது. மாலையும் தேங்காயும் கொடுத்த உற்சாகத்தில் அக்கா அன்று பயப்பட மறந்துவிட்டார்.

நான் வரைந்தேன். மேலிருந்து கீழே அழகான சரிவு. எல்லா இடத்திலும் கையெழுத்து விழுந்தது. கோடையில் கான்ட்ராக்டர் மண்ணை வெட்டி, ஜல்லி பரப்பி, ரோலர் ஓட்டி இறுக்கினார். தார் போட வேண்டியதுதான் பாக்கி. பார்வையிட அக்காவும் நானும் போனோம். அன்று சாமிக்கு ஏதோ விசேஷம். சவிதா தாயி தேங்காய்ச் சில்லும் சர்க்கரையும் கொண்டுவந்து எங்கள் கையில் வைத்தார். பெருமையாகப் பேச்சுக் கொடுத்தார்.

"எங்க தேவன் லேசுப்பட்டவர் இல்ல மேடம். நாய் வந்து அசிங்கம் பண்ணுதேன்னு தூக்கி உசரமா வெச்சோம். தெரு ஆம்பளைங்க அத்தனை பேரும் சேந்தும் நகர மாட்டேன்னுட்டார். அப்புறம் கடப்பாறை போட்டுத் தூக்கி, அடியில செங்கல் அடுக்கி..."

அக்காவின் வாயில் தேங்காய் அப்படியே நின்றது.

"தூக்கினீங்களா?"

"தூக்காம? அதான் மேடை!"

கல் உயர்ந்துவிட்டது. நாங்கள் பழைய உயரத்தை நம்பி அங்கிருந்து அளந்திருக்கிறோம். அப்படியானால் திருப்பத்துக்குக் கீழே இருக்கும் தெரு முழுவதும், நான் வரைந்ததைவிட நிஜத்தில் மேடு. உயர்ந்த கல்லில் தொடங்கி உயர்ந்த கல்லிலேயே முடித்ததால் கணக்கு காட்டிக்கொடுக்கவில்லை. மேலே இருந்து ஓடி வரும் தண்ணீர் திருப்பத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்தில் இருக்கும் ஒரே திறந்த வாசல் சவிதா தாயியுடையது.

அக்கா தேங்காயை விழுங்கினார். பிறகு, என் கர்த்தரே, கை தட்டினார்!

"கெடச்சிட்டுட்டி! எவ்வளவு பெரிய தப்பு! தார் போடுததுக்கு முன்னாடி கெடச்சிட்டு!"

"சந்தோஷமாங்க்கா இருக்குது உங்களுக்கு?"

"பின்ன? மழை வந்து கண்டுபுடிக்கதுக்கு முன்னாடி நாம கண்டுபுடிச்சிட்டோம்லா!"

பள்ளிக்கூடத்துப் பழைய குறியிலிருந்து மறுபடி அளந்து பார்த்தோம். ஒரு சாண் வித்தியாசம்.

முதலாளி கெட்டவர் இல்லை. அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார். இது வெளியே தெரிந்தால் கம்பெனி பெயர் அங்கீகாரப் பட்டியலிலிருந்து போய்விடும். எத்தனை குடும்பம் இதை நம்பி இருக்கிறது? புனேயில் மழைத் தண்ணீர் தேங்காத தெரு எது? பின்னால் ஒரு குழாய் போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "சார் சொல்லுதது நியாயந்தான். ஆனா தண்ணி ஃபைல் படிக்குமாட்டி?"

மறுநாள் அவரே மாநகராட்சி டெபுடி இன்ஜினியரைத் தெருவுக்கு வரவழைத்தார். அந்த மனிதர் நம்பத் தயாராக இல்லை. நம்பினால் தான் போட்ட கையெழுத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். "மேடம், பேப்பரில் எல்லாம் சரியாக இருக்கிறது. உங்கள் கணக்கு இவ்வளவு சுத்தமாக முடிந்திருக்கிறது. ஏன் உங்களுக்கு நீங்களே குழி தோண்டுகிறீர்கள்?" என்றார். கான்ட்ராக்டர் அவர் பின்னால் நின்று ஆமாம் போட்டார்.

அக்கா வாதாடவில்லை. அந்த வழியாக ஏதோ அபார்ட்மென்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் டேங்கரை நடுத்தெருவில் நின்று மறித்தார். டிரைவரிடம் லோடுக்கு விலை பேசினார். அதைப் பள்ளிக்கூடத்து மேட்டுக்கு ஏற்றினார்.

"என் தளம் கெட்டுடும்!" என்று கான்ட்ராக்டர் அலறினார்.

"கெடட்டும்! நாலாவுக்குப் போச்சுன்னா நான் பொய். தாயி வீட்டுக்குப் போச்சுன்னா நீங்க நிறுத்தணும். சரியா?" தெருவுக்கே கேட்கும்படி மராட்டியில் கேட்டார். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களெல்லாம் "சரி!" என்றார்கள். டெபுடி இன்ஜினியருக்குத் தலையாட்டுவதைத் தவிர வழியில்லை.

வால்வைத் திறந்தார்கள். தண்ணீர் கொட்டியது. கொஞ்சம் ஜல்லி குடித்தது, மிச்சம் நுரைத்துக்கொண்டு இறங்கியது. கூடவே தெருவும் இறங்கியது! குழந்தைகள், பாட்டிமார், பால்காரர், காளே காகா, ஃபைலை மார்போடு அணைத்த டெபுடி இன்ஜினியர், எல்லோருக்கும் முன்னால் அக்கா. குதிரைப் பந்தயம் பார்ப்பதுபோல் எல்லோரும் கத்தினார்கள். பாதிப் பேர் "நாலா! நாலா!" என்றார்கள். நானும் ஓடினேன். போ, கீழே போய்விடு, அக்கா சொன்னது பொய்யாகிவிடட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேதான் ஓடினேன்.

திருப்பத்தில் தண்ணீர் தயங்கியது. கீழ்ப்பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. ஏற முடியவில்லை. அகலமாகி, குளமாகி, மெல்ல இடப்பக்கம் திரும்பி, சவிதா தாயியின் படியைத் தொட்டு, ஏறி, உள்ளே போனது.

அக்கா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தார். "பாத்தீங்களா! பாத்தீங்களா! என் தப்பு! மாஜீ சூக்!"

"என் வீட்டுக்குள்ள தண்ணி, நீ ஆடுறியா!" தாயி துடைப்பத்தோடு வெளியே வந்தார். நிஜமாகவே அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அக்கா அந்தத் துடைப்பத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தார். தள்ளிக்கொண்டே பேசினார். இந்தத் தண்ணீர் இன்றைக்கு வந்ததால் நாளைக்கு வராது என்றார். செங்கல், கல், ஒரு சாண், எல்லாவற்றையும் விளக்கினார். தாயி கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு இன்னொரு துடைப்பத்தை எடுத்துவந்தார்.

வேலை நின்றது. கீழ்ப் பாதியைத் தோண்டி இறக்கினார்கள். நான் புது வரைபடம் போட்டேன். கம்பெனிக்கு நோட்டீஸ் வந்தது. முதலாளி அக்காவைக் கூப்பிட்டு, அவருக்கும் கண் கலங்க, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அக்கா மேசையைக் காலி செய்த அன்று கை தட்டவில்லை. முக்காலி கம்பெனியுடையது என்பதால் ஸ்கூட்டரிலிருந்து கயிற்றை அவிழ்த்து அதைத் திருப்பிக் கொடுத்தார். ஸ்கூட்டர் மொட்டையாக நின்றது. அக்கா செய்தது சரிதான், ஆனால் அதற்கு இந்த விலையா என்று அன்றைக்கும் ஆத்திரமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. சில மாதம் கழித்து கடக்வாஸ்லா அணைப் பக்கம் ஒரு கால்வாய் வேலை கிடைத்து, அங்கிருந்து எங்கெங்கோ போய், இன்று அவருடைய எண்கூட என்னிடம் இல்லை.

ஆனால் அந்த ஜூன் மாதம் அவர் வேலையில்லாமல்தான் இருந்தார். முதல் பெருமழை மதியம் வந்தது. ஆபீஸில் உட்கார முடியவில்லை. ஆட்டோ பிடித்து அந்தத் தெருவுக்குப் போனேன். அக்கா எனக்கு முன்பே ரெயின்கோட்டில், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தார்.

சவிதா தாயி வாசலில் நின்றார். நாங்கள் என்ன சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்கவில்லை. மூட்டைகள், அடுப்பு, பெரிய மாவு டிரம் எல்லாம் கட்டிலின் மேல் ஏற்றப்பட்டிருந்தன. அன்று டப்பா அனுப்பவில்லை.

மழை பிடித்துக்கொண்டு அடித்தது. மேட்டிலிருந்து செந்நிறத்தில் தண்ணீர் திரண்டு வந்தது. டேங்கரெல்லாம் எம்மாத்திரம். திருப்பத்துக்கு வந்தது. யாரும் கத்தவில்லை. வந்த வேகத்திலேயே திரும்பி, வாசற்படியைத் தொடாமல், கீழே நாலாவை நோக்கிப் பாய்ந்தது.

அக்கா அதன் கூடவே ஓடினார்! நாலா வரைக்கும் ஓடி, அது விழுவதைப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "போகுதுட்டி! போய்க்கிட்டே இருக்கு!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

தாயி தெருவையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மழை இன்னும் வலுத்தது, தெருத் தண்ணீர் படியை எட்டவே இல்லை. அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"உள்ள வா. இதுல ஒரு பக்கம் பிடி" என்றார்.

அக்கா ஹெல்மெட்டோடு உள்ளே போனார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து, மாவு டிரம்மைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்கள்.